பத்மோஸில் இறங்குகிறவர்கள்

கப்பல் ஏறியதிலிருந்து எவந்தியா காற்றைத்தான் கண்காணித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள், தீவைப் பார்த்தார்கள், சாப்பாட்டு மேசையில் அடுத்தவர் தட்டைப் பார்த்தார்கள். இவள் மட்டும் மேல்தளத்துக் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது, எவ்வளவு வேகமாகப் படபடக்கிறது என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். ஜூலை மாதத்து வடகாற்றுக்கு இந்தக் கடலில் மெல்தெமி என்று பெயர். அது கிளம்பிவிட்டால் கேப்டன் பேச்சும் செல்லாது, கால அட்டவணையும் செல்லாது. எந்தத் தீவில் நிற்பது, எதைத் தாண்டிப் போவது என்பதெல்லாம் அதன் இஷ்டம்.

அன்று காலை குஷாதாசியில் லேசாகத்தான் வீசியது. மதியம் துருக்கிக் கரையை விட்டு வெளியே வந்ததும் தளத்தில் விரித்திருந்த குடைகளை மாலுமிகள் ஓடி ஓடி மடக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பத்மோஸில் காற்று பலமாக இருக்கிறதாம். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, படகில்தான் இறங்க வேண்டும் என்பதால், இறங்க முடியுமா முடியாதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்துத்தான் கேப்டன் சொல்வாராம். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு தீவு போனால் என்ன, நாளைக்கு இன்னொன்று வருகிறது.

எவந்தியா மட்டும் மறுபடி கொடியை அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தியா," என்றார் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் நீட்டிப் படுத்திருந்த அவள் கணவர் ஸ்தமாதிஸ். "காத்துக்குக்கூட நான் சொல்றது புரியுது. உனக்குத்தான் புரியல."

ஏதென்ஸுக்குப் பக்கத்தில் நிகேயாவுக்கும் பிரேயஸ் துறைமுகத்துக்கும் இடையே வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கைக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. கப்பல் காலையில் ஒரு துறைமுகம், மாலையில் ஒரு துறைமுகம் என்று நின்று நின்று போவதைப் பார்த்து, ஏறிய அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது கப்பலா? டவுன் பஸ். ஏறு, இறங்கு, போட்டோ புடி, மறுபடி ஏறு. கம்பியப் புடிச்சிட்டு தொங்க ஆள் இல்லாததுதான் குறை."

அந்த டவுன் பஸ் குணத்துக்காகத்தான் எவந்தியா இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தாள். துறைமுகங்கள் நிறைய இருந்தால் அவற்றுக்கு நடுவில் ஒன்றை ஒளித்து வைக்கலாம். "எங்கெங்க போகுது?" என்று வீட்டில் அவர் கேட்டபோது, அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "மிக்கோனோஸ், குஷாதாசி, ரோட்ஸ், கிரீட், சாந்தோரினி" என்று அடுக்கினாள். குஷாதாசிக்கும் ரோட்ஸுக்கும் நடுவில் ஒரு பெயரை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அவர் கவனிக்கவில்லை. கப்பலில் சாப்பாடு எப்படி என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

விழுங்கியது கப்பல் ஏறிய அன்றே வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே சுவரில் பெரிய கடல் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தார்கள். போகும் வழிக்குச் சிவப்புக் கோடு. பஸ் ஓட்டினவரால் வழித்தடப் படத்தைப் பார்க்காமல் நடக்க முடியுமா? கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர் பத்மோஸில் நின்றார். திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு மிக்கோனோஸ் சந்துகளில் அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். குஷாதாசியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்தவர் அவள் கடைவீதியை முழுக்கச் சுற்றி வரும்வரை எழுந்திருக்கவில்லை. கோபத்தில் கத்துகிறவர் கத்தாமல் இருந்தால் வீட்டுக்காரிக்குத் தூக்கம் வருமா?

பத்மோஸில் அவர்களுடைய ஒரே மகன் பந்தெலிஸ் இருந்தான். மின்சார வேலை செய்கிறவன். அந்தத் தீவுப் பெண் செவாஸ்தியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டோடு போய்விட்டான். அதில் யாருக்கும் வருத்தமில்லை. தீவுகளில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான், அது வழக்கம். வினை வந்தது பேரனுக்குப் பெயர் வைத்தபோதுதான்.

தலைமகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். இதை எந்த வீட்டிலும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. ஸ்தமாதிஸின் அப்பா பந்தெலிஸ், அதனால் மகன் பந்தெலிஸ். மகனுக்கு மகன் பிறந்தால் அவன் ஸ்தமாதிஸ். ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் பெயரை உரக்கச் சொல்லும்வரை குழந்தைக்குப் பெயரே கிடையாது, வெறும் பாப்பாதான். அன்று ஸ்தமாதிஸ் புதுக் கோட்டும் சூட்டுமாகக் கோயிலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பத்மோஸ் ஜனம் முழுக்கத் தன் பெயரைக் கேட்கப் போகிறது என்று முந்தின இரவு அவருக்குத் தூக்கமில்லை. ஞானத்தாய் வாயைத் திறந்தாள். "தியோலோகோஸ்" என்றாள்.

அது செவாஸ்தியுடைய அப்பாவின் பெயர். மீன் பிடிக்கப் போனவர் அந்தக் குளிர்காலத்தில்தான் திரும்பி வராமல் போயிருந்தார். அப்போது செவாஸ்திக்கு நிறைமாதம். எந்த மனுஷனுக்கும் புரிந்திருக்கும். ஸ்தமாதிஸுக்குப் புரியவில்லை. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால், ஊர் பார்க்க, கையில் குழந்தையோடு நின்ற மருமகளைப் பார்த்து, "கடல்ல போன மீன்காரன் பேருதான் கெடச்சுதா என் பேரனுக்கு? இந்தத் தீவுல இனி என் கால் படாது" என்று கத்திவிட்டு வெளியே போனார். எவந்தியா அவர் பின்னாலேயே ஓடினாள். அன்றைக்குக் குழந்தையின் தலைகூடக் காயவில்லை. இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான். அதற்குப் பிறகு அவனை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

இந்த ஈஸ்டருக்குக் கணவருக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் செய்து, கப்பலில் வரப்போவதைச் சொன்னாள். "வர்றதுன்னா ரெண்டு பேரும் வாங்கம்மா," என்றான் அவன். "நீ மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு வராதே. என் பொண்டாட்டி ஒண்ணும் ஒளிச்சு வெச்ச பொண்டாட்டி இல்ல." மறுபடி பேசினால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்து, அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே தெம்பு தேதிதான். கப்பல் பத்மோஸ் போகும் நாள் புனித பந்தெலெய்மோன் திருநாள். பந்தெலிஸின் பெயர்நாள், அவன் பெயர் கொண்ட புனிதரின் நாள். பிறந்தநாளுக்காவது அழைப்பு வேண்டும். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வந்தவரை உட்கார வைத்து இனிப்புத் தட்டை நீட்டியே ஆக வேண்டும். ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. ஜென்மப் பகையாளி வந்தாலும் அப்படித்தான். மன்னிப்புக் கேட்காமலே, கொடுக்காமலே இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார வருஷத்தில் ஒரு நாள் உண்டென்றால் அது இதுதான். அந்த நாளில் கொண்டுபோய் இவரை அந்த வாசலில் நிறுத்திவிட்டால் போதும், மீதியைப் புனிதர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். அதற்குத்தான் இத்தனை துறைமுகங்களையும் சுற்றக் கிளம்பினாள்.

இப்போது காற்று கொடியைக் கிழித்துவிடுவதுபோல் அடித்தது. எவந்தியா எழுந்தாள்.

"எந்திரி. ரூமுக்கு வா. பேசணும்."

"இங்கயே பேசு. கேக்க ஆள் இருந்தா நீ கொஞ்சம் மெதுவா பேசுவ."

"எந்திரி ஸ்தமாதி."

அந்தக் குரலுக்கு அவர் எழுந்தார். அறைக் கதவைச் சாத்தியதும் அவரே ஆரம்பித்தார்.

"என்னத்தப் பேச? நடுவுல ஒரு ஸ்டாப்ப மறைச்சு டிக்கெட் வித்தவ நீ. பஸ்ஸுல நடந்திருந்தா அன்னிக்கே சீட்டக் கிழிச்சு அனுப்பியிருப்பேன்."

"அனுப்பு. ஊருக்குப் போனதும் அனுப்பு. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"தெரியும்."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. அவருடைய அப்பாவுக்கும் இதே பெயர்நாள்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மனிதர் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்புறம் என்ன? கதவு தொறந்திருக்கும். போறோம். உக்காறோம். ஒரு இனிப்ப வாயில போடறோம். 'பல்லாண்டு வாழ்க'ன்னு ஒரு வார்த்தை. வந்துடறோம். நீ யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேணாம். அவனும் கேக்கப் போறதில்ல."

"நான் சாமி முன்னாடி சொல்லிட்டேன். கால் வைக்கமாட்டேன்."

"நீ எங்க சாமி முன்னாடி சொன்ன? பாதிரியார் தாடிக்கு முன்னாடி சொன்ன. அவரு பயந்து தொட்டியில விழப் பாத்தாரு."

மற்ற நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். இன்று உதடுகூட அசையவில்லை.

"அவன் என்னை ஒரு தடவ கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான். முதல் வருஷம் பூரா கூப்பிட்டான். போன எடுத்து எடுத்து வெச்சது யாரு? நானா?"

ஸ்தமாதிஸ் வட்ட ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெள்ளை வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

எவந்தியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கத்த வேண்டும் என்றுதான் வந்தாள், முடியவில்லை. "அந்த ஞானஸ்நானத்துக்கு அப்புறம் நான் என் பேரனைத் தொட்டதில்ல ஸ்தமாதி. பக்கத்து வீட்டுக்காரி பேரனுக்கெல்லாம் மூக்கு சிந்தி விட்டிருக்கேன், என் பேரன் தலைய நான் தடவினதில்ல. நீ வந்தா வா. வரலேன்னா நான் மட்டும் போறேன். தனியா வராதேன்னு அவன் சொல்லியிருக்கான். பரவால்ல. மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ சாத்தட்டும், அதையாவது பாத்துட்டு வரேன்."

"போ," என்றார் அவர், திரும்பாமல். "காத்து விட்டா போ."

காற்று அரைமனதாக விட்டது. தீவு பக்கத்தில் வந்ததும் மறுபடி அறிவிப்பு. இரண்டே படகுதான் போகும். வயதானவர்கள், தலைசுற்றுகிறவர்கள் தயவு செய்து கப்பலிலேயே இருந்துகொள்ளவும். கப்பல் ஹாரன் ஒருமுறை ஊதினால் கரையில் இருப்பவர்கள் துறைக்குத் திரும்ப வேண்டும். மறுமுறை ஊதினால் கடைசிப் படகு கிளம்பிவிடும், யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

எவந்தியா நீலப் பூப்போட்ட உடையைப் போட்டுக்கொண்டாள். உள்ளாடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பாதாம் இனிப்புப் பெட்டியை எடுத்தாள். பிரேயஸில் வாங்கியது, தங்க நிற ரிப்பன் கட்டியது. ஸ்தமாதிஸ் அறையில் இல்லை. எங்கே போய்த் தொலைந்தார் என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

கீழ்த்தளத்தில், கப்பலின் விலாவில் திறந்திருந்த வாசலில், படகு ஏறுவதும் இறங்குவதுமாக அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த மாலுமி தயங்கினான்.

"அம்மா, இந்த அலையில தேவையா? மலை மேல இருக்கற மடாலயம் எங்கயும் போயிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"மடாலயம் போகாது தம்பி. நான் போயிடுவேன். கையப் புடி."

இரண்டு பேர் பிடித்து அவளைப் படகில் இறக்கினார்கள். இரண்டாவது படகு அது. அதற்கு மேல் இல்லை. கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய்! நிறுத்து! ஆள் வர்றது கண்ணு தெரியலையா?"

ஸ்தமாதிஸ். கோட்டுப் போட்டிருந்தார். தலையை ஈரம் தொட்டு வாரித் தொப்பியை அழுத்தி வைத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவை மூடின மனிதர், மூச்சிரைக்க ஓடி வந்து படகில் குதித்தார். அவள் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன பாக்கற? காத்து வாங்க வந்தேன்."

எவந்தியா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷப்பட்டால் மனிதர் அதற்காகவே கப்பலுக்குத் திரும்ப ஏறிவிடுவார் என்று பயந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு அலை பக்கவாட்டில் வந்து அறைந்தது. படகில் இருந்தவர்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள். அவர் எழுந்து தட்டுத் தடுமாறி இந்தப் பக்கம் வந்து, அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இனிப்புப் பெட்டியை வாங்கித் தன் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். வலித்தது, ஆனால் கையை விடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஸ்காலா துறையில் இறங்கி மேட்டில் ஏறும்போது நிபந்தனைகள் ஆரம்பமாயின.

"உக்காருவேன். ஒரு இனிப்பு. 'பல்லாண்டு' சொல்லுவேன். எந்திரிச்சிடுவேன்."

"சரி."

"அந்தப் பொண்ணுகிட்ட பேசமாட்டேன்."

"சரி."

"அந்த மீன்காரன் பேர என் வாயால சொல்லமாட்டேன். அதுக்கு அந்தப் பையன் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல."

"சரி ஸ்தமாதி. எல்லாம் சரி. நட."

தெருவில் புழுதி சுழன்றது. மூலை வீட்டிலும் ஒரு பந்தெலிஸ் இருந்தான் போலிருக்கிறது. கதவு விரியத் திறந்து கிடந்தது. முற்றத்தில் நாற்காலிகள், கண்ணாடிக் குவளைகள், சிரிப்பு. முன்பின் தெரியாத யாரோ ஒரு ஆள் இவர்களைப் பார்த்துக் குவளையை உயர்த்தி, "வாங்க, வாங்க, உள்ள வாங்க!" என்று கூப்பிட்டான். எவந்தியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் கொஞ்ச தூரம்தான். தன் மகனும் இப்படித்தான் வாசலில் நிற்பான்.

சின்னக் கோயிலைத் தாண்டித் திரும்பினார்கள். அவளுக்கு வீடு நினைவிருந்தது. வெள்ளைச் சுவர், வாசலில் அத்தி மரம். கதவு மூடியிருந்தது. ஜன்னல் பலகைகள் எல்லாம் அடைத்திருந்தன. முற்றத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

"இந்த வீடுதானா?"

"இதுதான்."

எதிர் வீட்டில் தொட்டிச் செடிகளைக் காற்றுக்கு மறைவாக நகர்த்திக்கொண்டிருந்த பெண் இவர்களையும், எவந்தியாவின் பூப்போட்ட உடையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"பந்தெலிஸைப் பாக்கவா வந்தீங்க? இந்த வருஷம் அவங்க கொண்டாடலியே. துக்கம். செவாஸ்தியோட அம்மா தவறிட்டாங்க, இந்த மாசம் பொறந்ததும்."

எவந்தியா அத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். துக்க வீட்டில் பெயர்நாள் கிடையாது. கதவு திறக்காது, தட்டு வராது, 'பல்லாண்டு' என்று வாயெடுக்கக்கூட முடியாது. மாதக்கணக்காகக் காற்றையும் தேதியையும் கணவரின் குணத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவள், சாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். பயந்துகொண்டு செய்யாமல் விட்டது அவள்தான்.

கீழே கடலில் கப்பல் ஹாரன் ஊதியது. முதல் முறை.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் ஸ்தமாதிஸ். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு அவரை அங்கேயே அடிக்கலாம் போலிருந்தது. "நான் வந்தேன். நீயே சாட்சி. கதவு மூடியிருக்கு. நாம என்ன பண்ண முடியும்? எறங்கு, போலாம்."

எவந்தியா நகரவில்லை. அத்தி மரத்தை விடவும் இல்லை.

எதிர் வீட்டுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். "நீங்க அவனுக்குச் சொந்தமா?"

"இல்ல," என்றார் ஸ்தமாதிஸ் அவசரமாக. "தெரிஞ்சவங்க. ஏதென்ஸ்ல."

எவந்தியாவுக்குக் காது சுட்டது.

"எப்படியோ, நல்லதாப் போச்சு. அவன் பக்கத்துலேருந்து ஒருத்தராவது வந்தீங்களே. அடக்கத்தன்னிக்குப் பாக்கவே பாவமா இருந்துச்சு. செவாஸ்திக்கு பக்கத்துத் தீவுங்க லேரோஸ்லேருந்தும் கலிம்னோஸ்லேருந்தும் படகு படகா ஆள். இவனுக்கு ஒரு ஈ காக்கா இல்ல. சவப்பெட்டியத் தூக்கறப்ப அண்ணன் தம்பி மாமன் மச்சான்னு அவங்கவங்க கூடி நின்னாங்க. இவன் ஒரு மூலையப் புடிச்சிட்டு தனியா நடந்தான். கோயில்லயும் அவன் பக்கத்துல யாரும் இல்ல, அந்தச் சின்னப் பையன்தான் கையப் புடிச்சிட்டு நின்னான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா அம்மா இல்லாத புள்ள போலிருக்கு. நாங்க இந்தத் தீவுக்கு வந்தே ஒரு வருஷம்தான், கேட்டுக்கிட்டதில்ல."

ஸ்தமாதிஸ் அவளையே பார்த்தார். "அப்பா இல்லேன்னு அவன் சொன்னானா?"

"அவன் எங்க சொல்றான், வாயில்லாப் பூச்சி. இருந்தா வந்திருக்கமாட்டாரா? தன் புள்ள அப்படித் தனியா நிக்க எந்த அப்பன் விடுவான்?"

அந்தப் பெண் அதை விஷமமாகச் சொல்லவில்லை. அனுதாபத்தோடுதான் சொன்னாள். எவந்தியா கணவரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லாத ஏச்சு இல்லை, வைக்காத ஒப்பாரி இல்லை. எதற்கும் அந்த முகம் இப்படி ஆனதில்லை. ரத்தமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. ஒரு கையால் அத்தி மரத்துக்குப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கோட்டுக்குள்ளிருந்து இனிப்புப் பெட்டியை எடுத்தார். ரிப்பனைப் பிடித்து இழுத்து அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். பெட்டியை எவந்தியாவிடம் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். போய்க் கதவைத் தட்டினார்.

யாரும் வரவில்லை. மறுபடி தட்டினார். இந்தத் தடவை உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.

செவாஸ்திதான் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை கறுப்பு. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கதவைப் பிடித்திருந்த கை இறுகியது, ஆனால் மூடவில்லை. அவளுக்குப் பின்னால், இருட்டான நடையில், பந்தெலிஸ் நின்றுகொண்டிருந்தான். அவன் காதோரம் நரைத்திருந்ததைப் போன் எவந்தியாவுக்குக் காட்டவே இல்லை. மகனே என்று கூப்பிட அவள் வாயெடுத்தாள். அவன் முன்னால் வரவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மனைவியின் முதுகைப் பார்த்தபடி நின்றான். வீடு அவளுடையது. அன்று கோயிலில் விழுந்த அடியும் அவளுடையது. பேச வேண்டியது அவள்தான் என்று அவன் விட்டுவிட்டது எவந்தியாவுக்குப் புரிந்தது. ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொள்ளத் துடித்த கால்களை அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் ஸ்தமாதிஸ். "இப்பத்தான் கேள்விப்பட்டோம். ஆண்டவன் உங்க அம்மாவ மன்னிச்சு ஏத்துக்கட்டும்."

சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். செவாஸ்தி அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்க அப்பா போனப்ப நீங்க இத சொல்லல," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேற ஒண்ணு சொன்னீங்க. கோயில்ல, எல்லார் முன்னாடியும். நான் மறக்கல."

ஸ்தமாதிஸின் கழுத்து நரம்பு புடைப்பதை எவந்தியா எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இதோ, இப்போது வெடிப்பார். இதோ திரும்பி நடப்பார். அவர் கையில் தொப்பி கசங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார். "சொல்லல."

காற்று அத்தி இலைகளை வாசலில் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாயக் கொடுத்துக் கெடுத்துட்டேன். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன். உங்க அம்மாவையும், உங்க அப்பா தியோலோகோஸையும் ஆண்டவன் மன்னிச்சு ஏத்துக்கட்டும்."

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதாக நினைத்து, பந்தெலிஸின் காலுக்குப் பின்னாலிருந்து சிறுவன் தலையை நீட்டினான். ஸ்தமாதிஸ் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அனுமதியில்லாமல் பார்த்துவிட்டவரைப்போல் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கீழே ஹாரன் மறுபடி ஊதியது. நீளமாக, கோபமாக ஊதியது. எல்லோருக்கும் கேட்டது.

"உங்க கப்பல்," என்றான் பந்தெலிஸ். அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "போயிடும்பா."

ஸ்தமாதிஸ் கடல் பக்கம் திரும்பவில்லை. செவாஸ்தி சொல்லப் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவரையும், எவந்தியா கையிலிருந்த பெட்டியையும் பார்த்தாள். பிறகு கதவிலிருந்து விலகி நின்றாள்.

"துக்க வீடு. இனிப்பு எடுக்கமாட்டோம். சக்கரை இல்லாத காப்பிதான் இருக்கு."

"அது போதும்மா," என்றார் ஸ்தமாதிஸ்.

பந்தெலிஸ் சமையலறைக்குப் போய் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அம்மாவுக்குப் போட்டான். இன்னொன்றை அப்பாவுக்கு எதிரில் வைத்துவிட்டு, அதன் முதுகை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்தமாதிஸ் கசங்கிய தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.